நாலரை மாதம் கனடா போகிறோம், பேமிற் காணி வீட்டை என்ன செய்வது?

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து 59 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே, காட்டுக்கரைப் பக்கமாக, கணவரின் பெயரில் அரை ஏக்கர் பேமிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அதில் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. திட்டத்தில் கிடைத்த ஐந்தரை லட்சம் போதாமல், தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் விற்றுத்தான் கூரை ஏறியதாம். மூத்த மகள் ரொறன்ரோவில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளை முதல் தடவையாகப் பார்க்க இரண்டு பேருக்கும் விசா கிடைத்திருக்கிறது. மே நடுவில் போய், ஒக்ரோபர் முதல் கிழமை திரும்ப ரிக்கற்றும் எடுத்தாயிற்று.

கடிதத்தின் நடுவில் ஒரு இடம் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்தியது. "2008 கடைசியில் இடம்பெயர்ந்தபோது முன்கதவைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனேன். 2010 இல் வந்து பார்த்தால் கதவும் இல்லை, நிலையும் இல்லை. திறப்பு மட்டும் இன்னும் அலுமாரிக்குள் கிடக்கிறது. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக ஒரு இரவுகூட வெளியில் தங்கவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குக்கூட ஒருவர் போனால் மற்றவர் வீட்டில்" என்று எழுதியிருக்கிறார்.

இப்போது அவரைத் தூங்கவிடாத விஷயங்கள் இவை. கணவருடைய அக்காவின் மகன், மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். ஆனால் "ஆறு மாதம் இருக்கவிட்டால் வீடு இருக்கிறவனுக்குத்தான்" என்று அயலில் ஒருவர் சொல்லிவிட்டார். அதனால் மாதம் ஆயிரம் ரூபாய் வாடகை என்று ஒரு துண்டு எழுதலாமா என்று யோசிக்கிறார். "நீங்கள் ஊரில் இல்லை என்று தெரிந்தால் ஏ.ஜி.ஏ. கந்தோரில் (பிரதேச செயலகத்தில்) பேமிற்றை வெட்டிவிடுவார்கள்" என்று இன்னொருவர் பயமுறுத்தியிருக்கிறார். மகளோ, மருமகனின் சிநேகிதர் ஒருவருக்கு முழு அற்றோணி (உங்களுக்காக எல்லாம் செய்யும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வாருங்கள் என்கிறாள். கணவர் ஒருவரையும் நம்பவில்லை. வேலிக் கம்பிக்குக் கரண்ட் விட்டுவிட்டுப் போவோம் என்று நிற்கிறார். இவற்றோடு, மேற்கு எல்லைக்காரர் ஒவ்வொரு மாரிக்கும் கதியாலை ஒரு சாண் தள்ளி நடுகிறார் என்ற பழைய வழக்கு வேறு.

அம்மா,

முதலில் அந்தத் திறப்பைப் பற்றி. 2008 இல் நீங்கள் போனபோது வீட்டில் ஒருவரையும் வைத்துவிட்டுப் போக முடியவில்லை. ஒரு கந்தோரிலும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. இப்போது இரண்டுமே உங்களால் முடியும். நான் கீழே எழுதுவது எல்லாம் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான். அந்தப் பழைய ஆண்டுகளைக்கூடச் சட்டம் பிறகு தனியாகக் கவனித்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போர்ச் சூழலால் தங்கள் காணிக்கு வழக்குப் போட முடியாமல் இருந்தவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது உங்களுக்கு இப்போது தேவைப்படாது. வீட்டை விட்டுப் போன எல்லோரையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்று காட்டத்தான் சொல்கிறேன்.

ஆறு மாதம் இருந்தால் வீடு அவனுக்கா?

இல்லை. ஆறு மாதக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. நீண்டகால ஆட்சியால், அதாவது காணியைக் கனகாலம் கையில் வைத்திருந்ததால், உரித்துக் கேட்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி. அதற்குப் பத்து வருடம் வேண்டும். சும்மா பத்து வருடம் இருந்தாலும் போதாது. உரிமையாளருக்கு எதிராக, "இது என்னுடையது" என்ற நிலையில், இடையூறு இல்லாமல் இருந்திருக்க வேண்டும். உங்கள் அனுமதியோடு உள்ளே வந்தவர், எத்தனை வருடம் இருந்தாலும், அனுமதியோடு இருப்பவராகத்தான் கருதப்படுவார். அந்த நிலையிலிருந்து அவர் மாறிவிட்டார் என்பதற்கு வெளிப்படையான செயல் ஒன்றைக் காட்டினால்தான் கணக்கே தொடங்கும். 1903 இல், அப்போது எங்களுக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் சொன்ன இந்த நிலைப்பாட்டை எங்கள் நீதிமன்றங்கள் இன்றுவரை பின்பற்றுகின்றன.

உங்களுடையது பேமிற் காணி என்பதால் இன்னொரு பூட்டும் இருக்கிறது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய காணியில், இருந்தேன், பயன்படுத்தினேன் என்று சொல்லி ஒருவரும் ஆட்சி உரித்துப் பெற முடியாது. உறுதியோடு சொந்தக் காணி வைத்திருப்பவருக்கு இருக்கும் பயம் உங்களுக்கு இல்லை.

ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய கால எல்லை வேறு ஒன்று இருக்கிறது, அயலவர் அதைச் சொல்லவில்லை. அது இரண்டு மாதம்.

வெளியாள் ஒருவர் உங்கள் காணிக்குள் பலவந்தமாக நுழைந்துவிட்டால், நாங்கள் முதலில் ஓடுவது 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவுக்கு. நீதிமன்ற வளவில் "அறுபத்தாறு வழக்கு" என்பார்கள். பொலிஸும் தாக்கல் செய்யலாம், நீங்களே நேரடியாகவும் செய்யலாம். அங்கே நீதவான் காணி யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பதில்லை. யார் ஆட்சியில் இருந்தார், யார் யாரைத் தள்ளினார் என்றுதான் பார்ப்பார். வழக்குத் தாக்கல் செய்வதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நீங்கள் வெளியேற்றப்பட்டிருந்தால், உங்களைத் திரும்ப இருத்தும்படி கட்டளையிடலாம். இரண்டு மாதம் கடந்துவிட்டால் அந்தக் குறுக்கு வழி அடைபட்டுவிடும். பிறகு மாவட்ட நீதிமன்றம்தான். பறிபோன ஆட்சியை மீட்க ஒரு வருடத்துக்குள் அங்கே வழக்குப் போடலாம். அதுவும் தவறினால் உரித்து வழக்கு, அதற்கு எத்தனை தவணை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நீங்கள் போவது நாலரை மாதம். ஜூன் மாதம் ஒருவர் உள்ளே வந்து கொட்டில் போட்டால், ஒக்ரோபரில் நீங்கள் கட்டுநாயக்காவில் இறங்கும்போது இரண்டு மாதம் முடிந்து வெகுநாள் ஆகியிருக்கும். ஆகவே வீடு வெறுமையாக இருக்கக் கூடாது. அந்தப் பையன் வந்து இருப்பது உங்களுக்கு ஆபத்து என்று நினைத்தீர்கள். சட்டப்படி பார்த்தால் அவன்தான் உங்கள் காவல். அவன் இருப்பது நீங்கள் இருப்பதாகவே கணக்கு. யாராவது வந்தால் அன்றைக்கே முறைப்பாடு போக வேண்டும். அதற்கு அற்றோணி ஒன்றும் தேவையில்லை, வீட்டில் இருப்பவரே பொலிஸுக்குப் போய்ச் சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி உங்களுக்கு அனுப்பலாம்.

வாடகைத் துண்டு வேண்டாம்

வாடகை எழுதினால் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். இரண்டு வகையில் அது உங்கள் காலைத்தான் வாரும். வாடகைக்கு இருப்பவருக்குச் சட்டம் தனிப் பாதுகாப்புக் கொடுக்கிறது, எழுப்புவது கஷ்டம். அதைவிட முக்கியம், பேமிற் காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் வாடகைக்கோ குத்தகைக்கோ கொடுப்பது பேமிற் நிபந்தனையை மீறுவது. ஆயிரம் ரூபாய்க்காக நீங்களே கையெழுத்துப் போட்டு, நீங்களே நிபந்தனையை மீறியதற்குச் சாட்சி தயாரித்ததாக முடியும்.

எழுத வேண்டியது அனுமதிக் கடிதம். வெள்ளைத் தாளில், இரண்டு சாட்சிகளோடு, முடிந்தால் சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில். இப்படி இருக்கலாம்:

"மேற்படி காணியும் வீடும் என் மாமாவின் பேமிற்றுக்கு உரியவை என்பது எனக்குத் தெரியும். அவரும் மாமியும் வெளிநாடு சென்று திரும்பும் வரை, வீட்டைப் பராமரிப்பதற்காக, அவர்களின் அனுமதியுடன், வாடகை இல்லாமல் இங்கே தங்குகிறேன். முன்னறையையும் குசினியையும் பயன்படுத்துவேன். காணியில் கட்டடமோ கொட்டிலோ போட மாட்டேன். மின்சாரக் கட்டணத்தை மாமாவின் பெயரிலேயே கட்டுவேன். வாக்காளர் இடாப்பில் இந்த விலாசத்துக்கு என் பெயரைப் பதிய மாட்டேன். அவர்கள் திரும்பி ஒரு கிழமைக்குள் வீட்டை ஒப்படைப்பேன்."

கீழே திகதி, அவன் கையொப்பம், உங்கள் இருவரின் கையொப்பம், சாட்சிகள். இவ்வளவுதான்.

வாக்காளர் இடாப்பையும் கரண்ட் பில்லையும் ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், ஆட்சியைக் காட்ட எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக்கொண்டு வருவது இவற்றைத்தான். அதேபோல, ஒரு அறையை நீங்களே பூட்டி, உங்கள் சாமான்களை உள்ளே வைத்து, அந்தத் திறப்பை உங்களோடு கொண்டு போங்கள். (இந்த முறை திறப்போடு கதவும் இருக்கும்.) வீட்டின் ஒரு பகுதி உங்கள் பூட்டில் இருக்கும்வரை, முழு வீடும் என் ஆட்சியில் இருந்தது என்று இன்னொருவர் சொல்வது எடுபடாது.

சரி, சட்டம் சுலபம். சொந்தத்துக்குள் கடுதாசி நீட்டுவதுதான் கஷ்டம். "என்ன மாமி, என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று அவன் கேட்பான், அவன் கேட்காவிட்டாலும் அவனுடைய தாய் கேட்பார். மச்சாளின் கோபம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நான் என் கட்சிக்காரர்களுக்குச் சொல்வது, அவனுக்கும் பயன்படுகிற மாதிரி அந்தக் கடிதத்தை எழுதுங்கள் என்று. பின்பக்கத்தில் வீட்டிலுள்ள சாமான்களின் பட்டியல்: ஃபிரிட்ஜ், ரீவி, லான்ட்மாஸ்ரர், தண்ணீர் மோட்டர், தையல் மெஷின். எது பழுதாக இருக்கிறதோ அதையும் பழுது என்றே எழுதுங்கள். திரும்பி வரும்போது "இது எங்கே, அது எங்கே" என்று ஒருவரும் அவனைக் கேட்க முடியாது. களவு போனாலும், பொலிஸ் முதலில் சந்தேகப்படுவது வீட்டில் இருந்தவனைத்தான். அப்போது அவனைக் காப்பாற்றப் போவது இந்தக் கடுதாசிதான். இதை நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர், தாய்மாமன் என்ற முறையில், தன் வாயால் சொல்வது நல்லது. பட்டியலை அவனையே எழுதவிடுங்கள். நாலரை மாதச் செலவுக்கு ஏதாவது கொடுப்பதானால் அதையும் கணவரே கையில் கொடுக்கட்டும். அது கூலி என்று கடிதத்தில் எழுத வேண்டாம்.

பேமிற்றை வெட்டுவார்களா?

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனதற்காக ஒருவரும் பேமிற்றை வெட்டுவதில்லை. நிபந்தனை மீறப்பட்டதாகத் தெரிந்தால், முதலில் காரணம் காட்டச் சொல்லி அறிவித்தல் வர வேண்டும். பிறகு விசாரணை. அதில் தீர்மானம் பிழை என்றால் காணி ஆணையாளருக்கு மேன்முறையீடு செய்யலாம். ஒரே நாளில் பேனையால் கீறிவிடும் காரியம் இல்லை.

ஆபத்து எங்கே என்றால், அந்த அறிவித்தல் நீங்கள் இல்லாத நேரத்தில் வந்து, யாரும் பிரிக்காமல் சாமித்தட்டில் கிடந்து, விசாரணைத் திகதி போய்விடுவது. சொன்ன திகதிக்கு நீங்கள் வராவிட்டால், மீறியது உண்மை என்றே எழுதிவிட இடமிருக்கிறது. பூட்டிய வீடும், புல் முளைத்த முற்றமும், பற்றை ஏறிய காணியும் "பாவனையில் இல்லை" என்ற குறிப்பை எழுத வருபவருக்கு மிகவும் வசதி. அதனால் போவதற்கு முன் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை மகளிடம் போகிறோம், வீட்டில் இன்னார் எங்கள் அனுமதியோடு இருக்கிறார், அறிவித்தல் ஏதும் இருந்தால் இந்த விலாசத்துக்கும் இந்தத் தொலைபேசிக்கும் தெரிவியுங்கள் என்று ஆறு வரி போதும். பிரதி ஒன்றில் கந்தோர் முத்திரையும் திகதியும் வாங்காமல் படி இறங்காதீர்கள். இன்னொரு பிரதி கிராம அலுவலருக்கு. ஊரை விட்டுப் போவதை விதானையாரிடம் சொல்லிவிட்டுப் போவது பழைய பழக்கம். அதையே முத்திரையோடு செய்கிறோம்.

அந்தக் கந்தோருக்குப் போகிற நாளில் நீங்கள் கேட்காத ஒன்றையும் முடித்துவிட்டு வாருங்கள். பேமிற் உங்கள் கணவரின் பெயரில். பின்னுரித்தாளர் நியமனம், அதாவது அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்று பெயர் எழுதுவது, செய்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. நான் பார்த்த பேமிற்றுகளில் பாதிக்கு மேல் அந்தப் பகுதி வெறுமையாகத்தான் இருக்கும். நியமிக்காமல் ஒருவர் இறந்தால் சட்டத்தில் உள்ள வரிசைப்படிதான் காணி போகும். 2022 இல் திருத்தம் வரும்வரை அந்த வரிசையில் பெண் பிள்ளைகளுக்கு முன்னால் ஆண் பிள்ளைகள் நின்றார்கள். அந்தப் பாகுபாடு இப்போது நீங்கியிருந்தாலும், பெயர் எழுதாமல் விட்ட காணிகளில் உடன்பிறந்தவர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போவதை நான் கிழமைக்கு ஒன்றாகப் பார்க்கிறேன். பயணம் போக முன்னர் சாவைப் பற்றி ஏன் பேசுவான் என்று கணவர் முகம் சுளிப்பார். விமானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எப்போதோ செய்திருக்க வேண்டியது என்று சொல்லுங்கள்.

முழு அற்றோணி

மகளின் யோசனையில் அன்பு இருக்கிறது, ஆனால் பொது அற்றோணித் தத்துவத்தில் என்னென்ன எழுதப்படும் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. விற்க, ஈடு வைக்க, குத்தகைக்குக் கொடுக்க, பணம் பெற, பற்றுச்சீட்டுக் கொடுக்க என்று எல்லாம் வரும். வன்னியில் பேமிற் காணி "விற்பது" எப்படி என்று உங்களுக்கும் தெரியும்: காசு கை மாறும், உறுதி முடிக்க முடியாது, அதனால் ஒரு அற்றோணியும் ஒரு கடிதமும் எழுதிக் கொடுப்பார்கள். சட்டத்தில் அந்த விற்பனை செல்லாது. ஆனால் காசு கொடுத்தவர் வந்து வேலி அடைத்துக் குடியிருந்துவிடுவார், நீங்கள் வழக்குப் பேசிக்கொண்டு திரிவீர்கள். நல்ல மனிதராகவே இருக்கட்டும், அந்தச் சிநேகிதருக்கு அவ்வளவு அதிகாரம் எதற்கு?

தேவையானது விசேட அற்றோணி. அதில் நாலு காரியம் மட்டும்: பிரதேச செயலகத்தில் விசாரணைக்குத் தோன்றுவது, பொலிஸில் முறைப்பாடு செய்வது, காணியின் ஆட்சி தொடர்பாக வழக்கு வந்தால் சட்டத்தரணியை அமர்த்துவது, மின்சாரக் கந்தோர் போன்ற இடங்களில் உங்களுக்காகக் கையெழுத்துப் போடுவது. "காணியையோ வீட்டையோ பாராதீனப்படுத்தவும் ஈடு வைக்கவும் குத்தகைக்குக் கொடுக்கவும் அதிகாரம் இல்லை" என்று ஒரு வரி. முடிவுத் திகதி ஒன்று. நொத்தாரிசு முன் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். திரும்பி வந்த பிறகு தேவையில்லை என்றால், "கிழித்துப் போட்டாயிற்று" என்பது போதாது. ரத்துச் செய்வதையும் எழுதிப் பதிய வேண்டும். வீட்டில் இருப்பவனும் அற்றோணி வைத்திருப்பவனும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். ஊரில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர், உங்கள் சொந்தத் தம்பி, அப்படி யாராவது. அங்கே போன பிறகு திடீரென்று இன்னொரு தத்துவம் தேவைப்பட்டால் ரொறன்ரோவிலுள்ள இலங்கைக் கொன்சல் அலுவலகத்தில் கையொப்பமிட்டு அனுப்பலாம். ஆகவே இப்போதே எல்லா அதிகாரத்தையும் மூட்டையாகக் கட்டிக் கொடுக்க வேண்டிய அவசரம் ஒன்றுமில்லை.

வேலிக் கம்பிக்குக் கரண்ட்

ஐயா, இது உங்களுக்கு. வேண்டாம்.

யானைக்காக வனசீவராசிகள் திணைக்களம் போடுகிற வேலியில் விட்டுவிட்டு அடிக்கிற துடிப்புத்தான் ஓடும். வீட்டு லைனிலிருந்து நேரே கம்பிக்குக் கொடுப்பது கொலைப் பொறி. வீட்டில் ஆள் இருக்கும்போது உயிரையும் உடைமையையும் காக்கச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. அந்த உரிமைக்கு ஒரு அளவும் உண்டு. கம்பிக்கு அளவு தெரியாது. வருவது கள்ளனா, மாடு தேடி வந்த பொடியனா என்றும் தெரியாது. கவலையீனத்தால் மரணம் விளைவித்ததற்கே ஐந்து ஆண்டு வரை சிறை. ஆள் சாகலாம் என்று தெரிந்துதான் கட்டினீர்கள் என்று வந்தால் குற்றம் இன்னும் பெரிது. யானை செத்தால் அது வேறு வழக்கு. நீங்கள் கனடாவில் இருந்தேன் என்பது பதில் ஆகாது, கட்டியது நீங்கள். எல்லாவற்றுக்கும் மேல், அதே வளவுக்குள் உங்கள் அக்காவின் பேரக் குழந்தை தவழப் போகிறது. கட்டுத்துவக்கு (கம்பி தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் பொறித் துவக்கு) என்று இன்னொரு யோசனை வந்தால், அதற்கும் இதே பதில்.

கமரா பூட்டுங்கள், தடையில்லை. ஆனால் இங்கே இரவு 2 மணிக்குக் கமராவில் ஒரு ஆள் தெரிந்தால் ரொறன்ரோவில் அப்போது பிற்பகல் 4.30. அங்கிருந்து பார்த்துக் கத்துவதற்கு முன்னால், இங்கே எழும்பிப் போக யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு வீடு தள்ளி இருப்பவரின் இலக்கத்தைக் கையில் வைத்திருங்கள். அப்புறம், விமான நிலையத்தில் மாலையும் கழுத்துமாக நின்று எடுத்த படத்தை அன்றைக்கே முகநூலில் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்த பிறகும் படம் அழகாகத்தான் இருக்கும்.

எல்லை வேலி

மேற்கு எல்லைக்காரர் மாரிக்குத்தான் கதியால் நடுவார். நீங்கள் அதற்கு முன்பே வந்துவிடுவீர்கள். என்றாலும், போவதற்கு முன் ஒரு மத்தியானம் செலவழியுங்கள். வேலியின் இரண்டு மூலையிலும் நின்று, எல்லைக் கல்லும், ஒவ்வொரு பெரிய கதியாலும் தெரிய, பூவரசு எது கிளுவை எது என்று அடையாளம் பிடிபடும்படி படம் எடுங்கள். வீட்டுச் சுவர் மூலையிலிருந்து வேலிக்கு எத்தனை அடி என்று நாடா பிடித்து, நாடா தெரியவே ஒரு படம். எல்லாவற்றையும் மகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அனுப்பிய திகதி அங்கே நிற்கும். பூப்புனித நீராட்டு விழாப் படத்தில், பிள்ளைக்குப் பின்னால் தெரிந்த வேலியை வைத்து எல்லை காட்டிய வழக்கு ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் குடும்பத்திடம் அதைத் தவிர வேறு ஒரு படமும் இருக்கவில்லை.

நகை, நெல், மற்றவை

சீட்டுப் பிடித்துச் சேர்த்த ஒன்பது பவுணை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கி லொக்கர் கிடைத்தால் அதுதான். கிடைக்காவிட்டால், பலர் செய்வதுபோல் சிறு தொகைக்கு வங்கியில் அடகு வைக்கலாம். வட்டி கொஞ்சம் போகும், மீட்கும் திகதி நீங்கள் திரும்பிய பிறகு வருகிறதா என்று சீட்டில் பாருங்கள். நிலத்தில் தாட்டு வைக்க வேண்டாம். ஸ்கானரோடு தங்கம் தேடித் திரிகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் குறைவில்லை. தாட்டவருக்கே இடம் மறந்துபோன கதைகளும் உங்களுக்குத் தெரியும். பேமிற் மூலப்பத்திரமும் நகை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அலுமாரிக்குள் வைத்தால் கள்ளனுக்கு முன் கறையான் வாசித்துவிடும். நல்ல பிரதி ஒன்றை அற்றோணி வைத்திருப்பவரிடமும், படம் ஒன்றை உங்கள் தொலைபேசியிலும் வைத்திருங்கள்.

காட்டுக்கரை வீடு என்பதால், நெல் மூட்டையை வீட்டுக்குள் அடுக்கிவிட்டுப் போகாதீர்கள். யானை சுவரை உடைப்பது நெல்லின் மணத்துக்குத்தான். விற்றுவிடுங்கள், அல்லது உறவினர் வீட்டில் போடுங்கள். பையனுக்குத் தேவையான அரிசி மட்டும் இருந்தால் போதும். நீங்கள் இல்லாத காலம் முழுக்கச் சோளகம் அடிக்கும். கூரைக்கு மேல் சாய்ந்திருக்கிற கொப்பை வெட்டுவித்து, காய்ந்த புல்லை வீட்டைச் சுற்றிச் செருக்கிவிடுங்கள். அந்தக் காற்றில் யாரோ எறிந்த பீடித்துண்டு போதும். மோட்டரைக் கிணற்றடியில் விட வேண்டாம், கழற்றி உள்ளே வைத்து, தேவைக்குப் பூட்டச் சொல்லுங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள், குழந்தை இருக்கிறது. சிரட்டை, ரயர், பழைய வாளி எல்லாம் அப்புறப்படுத்துங்கள்: நுளம்பு பெருக இடம் கொடுத்தால், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வழக்குப் போடலாம். காணிக்காரர், குடியிருப்பவர் இருவருமே பொறுப்பு.

போவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே நொத்தாரிசிடம் போய்விடுங்கள். அற்றோணி எழுதுவது ஒரு நாள் வேலை, பதிவு முடிந்து கைக்கு வர நாள் எடுக்கும். இருவரும் அடையாள அட்டையோடு போங்கள், பேமிற்றின் பிரதியையும் ரிக்கற்றின் பிரதியையும் கொண்டு போங்கள். ரிக்கற்றில் போகும் திகதியும் வரும் திகதியும் ஒரே தாளில் இருக்கும். பிரதேச செயலாளருக்குக் கொடுக்கிற கடிதத்தின் பின்னால் அதையே இணைத்துவிடலாம்.